போறணைச் சூடும் பீலித் தண்ணீரும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். எழுத்துகள் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் கிடக்கும். சூடு பட்டுத் தடித்துப்போன விரல்களில் பேனை நிற்பதில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் வாசியுங்கள். என் நெஞ்சைப் பற்றி நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன்!

கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பேக்கரி. அங்கே இருபத்தாறு வருடமாகப் போறணையில் நிற்கிறேன். போறணை என்பது எங்கள் விறகு அடுப்பு. ஓர் ஆள் படுத்துப் புரளக்கூடிய அளவு செங்கல் குகை. நீளமான மரத் துடுப்பால் பாண் ரொட்டியை உள்ளே தள்ளி, வெந்ததும் அதே துடுப்பால் வெளியே இழுக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. போறணைக்கு முன்னால் நிற்பவனோடு யாரும் பேச மாட்டார்கள். நான் கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால்கூட மணியை அடிக்க வெட்கப்பட்டு, அடுத்தவர் அடிக்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் எத்தனையோ.

விடியும்முன் பாண் இறக்கி முடியும். முடிந்ததும் பேக்கரிக்குப் பின்னால் மலையிலிருந்து விழும் பீலியில் போய் நிற்போம். கல்லுக்குள்ளிருந்து வரும் தண்ணீர், தலையில் விழுந்தால் மூச்சு ஒரு தரம் நின்று வரும். உடம்பிலுள்ள போறணைச் சூட்டை இறக்காமல் வீட்டுக்குப் போனால் பித்தம் ஏறும், கண் கெடும் என்பது எங்கள் பேக்கரியில் எல்லாரும் நம்பியது. எனக்கு முன்னால் நின்றவர் அப்படித்தான் குளித்தார். நானும் அப்படித்தான் குளித்தேன். வேர்வை காய்வதற்குள் பீலிக்கடியில் நிற்பதுதான் முறை.

போன டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் பனி இறங்கி மகாவலி ஆறு இருந்த இடமே தெரியவில்லை. நத்தார் பண்டிகைக் கேக் வேலையும் சேர்ந்திருந்ததால் வழக்கத்தை விடக் கூடுதலாகப் போறணை வாயில் நின்றிருந்தேன். அப்படியே போய்ப் பீலிக்கடியில் நின்றேன். யாரோ நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு முறுக்கியதுபோல இருந்தது. இடது தோள் கனத்தது. கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மாப் பிசையும் சிங்கள நண்பர்தான் துவாயோடு ஓடி வந்தார். அவர் என்னை விட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணன் என்ற மரியாதையில் “அய்யே” என்றுதான் கூப்பிடுவார்.

“அய்யே, என்ன, என்ன? மொகம் வெள்ளைக் கடதாசி மாதிரி!”

“வாய்வு” என்றேன். சொல்வதற்கு அது ஒரு சொல்தான், சீக்கிரம் முடிந்துவிடும். இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று குடித்தேன், சரியாகிவிட்டது. ஆனால் நண்பர் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

எங்கள் முதலாளி முஸ்லிம். பெரிய உடம்பு, பெரிய குரல். கைவேலைக்காரரைக் கூப்பிடும் வழக்கப்படி என்னைப் பாஸ் என்றுதான் அழைப்பார்.

“என்ன மனுசன் பாஸ் நீங்க! நெஞ்சு நோவுது எண்டு வாயத் தொறந்து செல்லப்படாதா? ஏற்கனவே பிரஷருக்குக் கிளினிக் போற ஆள். போறணைக்கு முன்னால விழுந்தா நான் ஒங்கட ஊட்டுக்கு என்ன செல்லுற? இன்னைக்கு முன்னுக்கு நில்லுங்க. சாமான் குடுங்க. கிளினிக்ல டொக்டர் போறணைக்கு நிக்க ஏலும் எண்டு கடிதம் தந்தாத்தான் திருப்பி உள்ளுக்கு. இல்லாட்டி இனி முன்னுக்குத்தான்.”

முன்னுக்கு என்றால் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால். ஆட்கள் வந்து நின்று முகத்தைப் பார்த்துப் பேசும் இடம்!

அந்த ஒரு நாளை என்னால் மறக்க முடியாது. முதலில் வந்த பெண், “அண்ணே, மீன் பணிஸ் சூடா இருக்கா?” என்று கேட்டாள். சூடாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பணிஸைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். அவள் பக்கத்தில் நின்றவளிடம், “பாவம், வாய் பேச ஏலாதவர் போல” என்றாள். பிறகு என்னிடம் நான்கு விரலைக் காட்டி, வாயில் வைப்பதுபோல் சைகை செய்து, பொதி செய்யும்படி கையை உருட்டினாள். நானும் வெட்கத்தில் சைகையாலேயே பதில் சொன்னேன். மத்தியானத்துக்குள் அந்த வீதியில் பாதிப் பேர் என்னிடம் கைகளால்தான் பேசினார்கள். முதலாளி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“யா அல்லாஹ்! ஒரே நாள்ல ஊமையாகிட்டீங்களே, பாஸ்!”

நத்தார் நெருக்கத்தில் வேறு ஆள் கிடைக்காததால் மறுநாளே போறணைக்கு அனுப்பினார். ஆனால் கடிதப் பேச்சை விடவில்லை. இன்னும் இருபது வருடம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பதை நினைத்தாலே நெஞ்சு வலித்ததை விடப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கண்டியில் கிளினிக். வழக்கம்போல் பாண் இறக்கியதும் பீலியில் இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் குளித்தேன். டொக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பார். அவருக்கு என்னிடமிருந்து புளித்த மா வாடையும் புகை வாடையும் அடிக்கக் கூடாது என்று கிளினிக் நாளில் மட்டும் கூடுதல் நேரம் தண்ணீரில் நிற்பேன். ஈரத் தலையோடு பஸ்ஸில் யன்னல் ஓரம், பிறகு இலக்கம் எடுக்க வெளியே குளிரில் வரிசை.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகளை விடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். போறணைக்கு நிற்கக் கடிதம் வேண்டும் என்று மட்டும் மெல்லச் சொன்னேன். அவர் பிரஷர் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

“என்ன ஐயா, ஒவ்வொரு முறையும் ஏறித்தான் கிடக்கு. குளிசை ஒழுங்காப் போடுறேல்லையோ?”

நான் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். பின்னால் நின்ற தாதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிவிட்டேன். மூடினதை டொக்டர், நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

“இப்பிடி இருக்கேக்க நெருப்புக்கு முன்னால நிக்கலாம் எண்டு நான் எப்பிடி எழுதித் தாறது? அடுத்த மாசம் வாங்கோ, பாப்பம்.”

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளிவிட்டாள்.

“தெனம் காலையிலயும் ராவுலயும் நான்தானே கையில வச்சி முழுங்க வக்கிறேன்! அதச் சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?”

கெலிஓயாவில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அன்றைக்கே போன் போனது. ஞாயிற்றுக்கிழமை மகள் வரும்போது ஒரு பிரஷர் மெசின் கொண்டு வந்தாள். கையில் பட்டியைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அதுவே ஊதி, அதுவே இலக்கம் காட்டும்.

“அப்பா, நீங்க பேச வேணாம். தெனம் பாத்து எழுதுங்க. கொப்பியக் காட்டுங்க, கொப்பி பேசும்” என்றாள்.

அதுதான் தொடக்கம். இலக்கம் எழுத எனக்குத் தெரியும். பேக்கரியில் தட்டுக் கணக்கு எழுதிப் பழக்கம். ஆனால் வெறும் இலக்கத்தை எழுதிக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. ஏன் ஒரு நாள் ஏறுகிறது, ஏன் ஒரு நாள் இறங்குகிறது? ஒரு நாள் கொப்பியைப் பேக்கரிக்கே கொண்டு போயிருந்தேன். நண்பர் மாத் தொட்டியை மூடியிருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் எழும்பல்ல, அய்யே. இன்னைக்கு நல்ல குளிர்” என்றார்.

எனக்குப் பொறி தட்டியது!

குளிரை அளக்க எங்களுக்குக் கருவி வேண்டியதில்லை. மா சொல்லும். வெயில் காலத்தில் பிசைந்த மா ஒன்றேகால் மணித்தியாலத்தில் பொங்கித் தொட்டி விளிம்புக்கு வரும். குளிர் கூடினால் ஒன்றரை, ஒன்றே முக்கால். நல்ல பனியென்றால் இரண்டு மணித்தியாலமும் பிடிக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தை எழுதினேன். பக்கத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிரஷர். நெஞ்சு இறுகினால் ஒரு சிலுவைக் குறி.

இரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் காலை சாப்பிட்டபின் அந்தப் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். மா சீக்கிரம் பொங்கிய நாட்களில் இலக்கம் கீழே. மா சுணங்கிய நாட்களில் இலக்கம் மேலே! மறுபடியும் விரலை வைத்தேன். அதே கதை! எழுந்து சமையலறைக்கு ஓடினேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு! மாவும் நானும் ஒன்னு!”

“காலங்காத்தால என்னாச்சி உங்களுக்கு?” என்றாள். துருவலைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அவள். என்னை விடச் சீக்கிரம் வேறொன்றைப் பிடித்துவிட்டாள். “அது சரி, இந்த ஞாயித்துக்கெழமையும் போயா நாளும் பாருங்க. அன்னைக்கும் குளிர்தானே? ஊரே சுவெட்டர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிச்சி. ஆனா இலக்கம் எறங்கித்தானே இருக்கு. சிலுவையும் இல்ல.”

ஞாயிறும், பௌர்ணமி விடுமுறையான போயாவும் எனக்கு வேலை இல்லை. போறணை இல்லை, அதனால் பீலியும் இல்லை. வீட்டில் வெந்நீரில்தான் குளித்தேன். சிலுவைகள் விழுந்த நாட்களைப் பார்த்தோம். நான்கு சிலுவை. நான்கும் பனி நாள், நான்கும் கேக் வேலை கூடிப் போறணை வாயில் நெடுநேரம் நின்ற நாள், நான்கும் அப்படியே போய்ப் பீலிக்கடியில் நின்ற நாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குளிர் மட்டும் இல்லை, போறணைச் சூட்டோடு பீலியில் நிற்பதுதான் பிழை!

அன்றிலிருந்து பீலியை விட்டேன். பாண் இறக்கியதும் வேர்வையைத் துடைத்து, சட்டை மாற்றி, மா அறையில் கோதுமை மா மூட்டை மேல் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடிப்பேன். சுவெட்டர் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பேன். மெசினைப் பாண் பைக்குள் வைத்துப் பேக்கரிக்குக் கொண்டுவந்து மூட்டை மேலிருந்தே பார்ப்பேன். முதலாளி எட்டிப் பார்த்து, “அது என்னத்த பாஸ், ரேடியோவா? பாட்டுப் போடுங்களே!” என்றார்.

மூன்று நாள், நான்கு நாள், ஒரு வாரம். மா இரண்டு மணித்தியாலம் சுணங்கிய நாளில்கூட இலக்கம் முன்போல ஏறவில்லை. ஒரு சிலுவையும் விழவில்லை! ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டி ஊதும்போது எனக்குப் பரீட்சை முடிவு வருவதுபோல இருந்தது.

ஆசை அளவு மீறிவிட்டது. முழுதாக நிச்சயப்படுத்த வேண்டும், ஒரே ஒரு தரம் பழையபடி குளித்துப் பார்த்து எழுதினால் என்ன என்று தோன்றியது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பீலிப் பக்கம் நடந்தேன். நண்பர் வழியை மறித்தார். அவருக்கு அதற்குள் எல்லாம் தெரியும்.

“எங்க போற?”

“ஒரு தரம். பாத்துட்டு வாரேன்.”

“அய்யே, போறணை சூடா இருக்கிற நேரம் உள்ளுக்குத் தண்ணி ஊத்துவீங்களா?”

“செங்கல் வெடிச்சிரும்” என்றேன். அதைப் பேக்கரியில் நேற்றுச் சேர்ந்தவனும் அறிவான். சாம்பலைக்கூட ஈரச் சாக்கால் ஒற்றித்தான் எடுப்போம்.

“முதலாளிட செங்கலுக்கு ஊத்த மாட்டாரு. சொந்த நெஞ்சுக்கு ஊத்துவாரு. பிஸ்ஸு!”

பிஸ்ஸு என்றால் பைத்தியம். துவாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இருபத்தாறு வருடம் அந்தச் செங்கல்லைக் காப்பாற்றிய எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்து அங்கேயே நின்று சிரித்தேன்.

கிளினிக் நாள் வந்தது. குளிக்கவில்லை. முகம் கை கழுவி, வேர்வை துடைத்து, சுவெட்டர், மப்ளர், கொப்பி. முகப் பவுடர் அள்ளிப் பூசியும் என்னைச் சுற்றி மா வாடை நின்றது. பஸ்ஸில் ஒடுங்கி உட்கார்ந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா மூக்கை உறிஞ்சித் திரும்பினார். செத்தேன் என்று நினைத்தேன்.

“எங்கயோ பாண் போடுறாங்க. என்னா வாசன! வெறும் வயித்துல வந்தது தப்பாப் போச்சி” என்றார்.

இந்த வாடைக்காகவா இத்தனை நாள் ஈரத் தலையோடு வந்தேன்!

டொக்டர் பட்டியைச் சுற்றினார். ஊதினார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களோ! இப்ப குளிசையை ஒழுங்காப் போடுறீங்கள். இப்பிடி இருந்தா கடிதம் தரலாம்.” பேனையை எடுத்துவிட்டார்.

சும்மா இருந்திருந்தால் கடிதம் என் கையில். ஆனால் முன்பெல்லாம் நான் குளிசை போடாமல் ஏமாற்றினேன் என்று அவர் நம்பிக்கொண்டே இருப்பார். என் மனைவி கையில் வைத்துத் தந்த அத்தனை குளிசையும் பொய்யாகிவிடும். கொப்பியில் சிலுவைகளும் இருந்தன. நெஞ்சு இறுகியதைப் பற்றி நான் அவரிடம் மூச்சே விட்டதில்லை. காட்டினால் கடிதம் கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் கொப்பியை மேசையில் வைத்தேன்.

“டொக்டர், நான் குளிசைய ஒரு நாளும் விட்டதில்ல. தண்ணிதான் பிழை.”

“என்ன தண்ணி? குடிக்கிறனீங்களோ?”

“ஐயோ, இல்ல! குளிக்கிற தண்ணி!”

பிறகு எனக்கே தெரியாது, எங்கேயிருந்து வந்தது என்று. மா பொங்கும் நேரம், பனி, போறணை வாய், பீலி, செங்கல் எல்லாவற்றையும் சொன்னேன். விரலை வைத்து வரி வரியாகக் காட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒரே மூச்சில் பேசியதில்லை. வெளியே வரிசையில் யாரோ, “உள்ளுக்கு என்ன, கல்யாணம் பேசுறாங்களா?” என்று சத்தம் போட்டது கேட்டது. தாதி கதவைச் சாத்திவிட்டுத் தானும் வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார்.

டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

“ஐயா, இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?”

“யாரும் இல்ல.”

“குளிர் பட்டா ரத்தக் குழாய் சுருங்கும். அப்ப இதயம் கஷ்டப்பட்டுத் தள்ளோணும், பிரஷர் ஏறும். சூட்டில குழாய் விரியும், வேர்வையா தண்ணி போகும், இதயம் வேகமா அடிக்கும். நீங்கள் ரெண்டையும் ஒரே நிமிசத்துக்குள்ள செய்திருக்கிறீங்கள். உங்கட செங்கல் கதை சரியான கதை.” பிறகு ஒரு சிலுவையில் விரலை வைத்தார். குரல் மாறியது. “இது என்ன?”

சொன்னேன். கயிறு, இடது தோள், எல்லாம்.

“இதை எனக்கு ஏன் சொல்லேல்லை? ஐயா, இது வாய்வு இல்லை. நெஞ்சு இறுகினா வரிசை பாக்கிறேல்லை, கிளினிக் நாள் பாக்கிறேல்லை. நேரா ஓடி வரோணும்.”

கடிதம் போய்விட்டது என்று நினைத்தேன். உடனே இ.சி.ஜி. எடுக்க அனுப்பினார். நெஞ்சில் ஒட்டிய அந்தக் குளிர்ந்த உலோகங்களைவிட, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நான் நின்று விரலைக் காட்டும் காட்சிதான் என்னை நடுங்கவைத்தது. தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். டொக்டர் கோடு கோடாகப் பார்த்தார்.

“இப்ப பயப்பட ஒண்டும் தெரியேல்லை. ஆனா நடக்கவிட்டுப் பாக்கிற டெஸ்ட் ஒண்டு செய்யோணும். நாள் தாறன், கட்டாயம் வரோணும். அதுவரைக்கும் அரை நேரம்தான் போறணை. இடையில தண்ணி குடிச்சு, தள்ளி இருக்கோணும். பீலி வேண்டவே வேண்டாம். இந்தக் குளிசை நாக்குக்குக் கீழ வைக்கிறது, எப்பவும் பொக்கற்றில இருக்கட்டும்.” எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு கொப்பியின் பக்கங்களைத் தன் போனில் படம் பிடித்தார். “நடந்த எல்லாத்தையும் ஆறுதலா எழுதிக் கொண்டு வாங்கோ. வெளியில நிக்கிற ஆக்களுக்கு நான் வாசிச்சுக் காட்டோணும். இதில எத்தினை பேர் இப்பிடிப் பச்சைத் தண்ணியில குளிச்சுப்போட்டு வந்து நிக்கினமோ, ஆருக்குத் தெரியும்!”

திரும்பும்போது பஸ்ஸில் நானே மணியை அடித்தேன். பேக்கரிக்குள் போய்க் கடிதத்தை நீட்டினேன். அது இங்கிலிசில் இருந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்து வாசித்தார்.

“அரைவாசி நேரம் போறணை... மத்த அரைவாசி...” என்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“முன்னுக்கு நிக்க மாட்டேன், மொதலாளி!”

சத்தமாகவே வந்துவிட்டது. நண்பர் மாக் கையோடு எட்டிப் பார்த்தார். முதலாளி கடிதத்தை மடித்தார்.

“ஊமைய முன்னுக்கு வச்சி நான் என்னத்த விக்கிற? மத்த அரைவாசிக்கு மா அறையில இரிங்க. ஆனா பாஸ், ஊமைக்கு எப்ப வாய் வந்திச்சி?”

மறுநாள் ஒரு தகரப் பீப்பா வந்தது. போறணையின் பக்கச் சுவரோடு சேர்த்து வைத்து நிரப்பினோம். சுவர்ச் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகும். இப்போது எல்லாரும் ஆறி உட்கார்ந்த பிறகு அதில்தான் குளிக்கிறோம். பீலியில் தட்டுக் கழுவுகிறோம்.

டொக்டர் கேட்டபடி எழுதிவிட்டேன். டெஸ்ட் அடுத்த மாதம். அதன் முடிவு எப்படி வந்தாலும் வாயைத் திறந்து கேட்டுத் தெரிந்துகொள்வேன். இன்றைக்கு மா பொங்க இரண்டு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் பிடித்தது. சிலுவை இல்லை.

ஜனவரி இருபத்து மூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை.